இயந்திரக் கொட்டகையிலிருந்து இசையரங்கு வரை: லண்டன் ‘றவுண்ட்ஹவுஸ்’ வரலாறு எழுப்பும் சில வினாக்கள்

1

கைத்தொழில் முதலாளித்துவத்தின் முற்பட்ட காலத்தில் எழுப்பப்பட்ட கட்டடங்கள் பல, அவற்றின் உற்பத்திப் பயன் ஒழிந்த பின்னர், நாடக மண்டபங்களாகவும் இசையரங்குகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாற்றம் பெறுவதை மேற்கு ஐரோப்பிய நாடுகளிற் பரவலாகக் காணலாம். இம்மாற்றத்தை விவரிப்போர் பெரும்பாலும் ஒரே வகையான கதையையே கூறுவர். கரியும் புகையும் நிறைந்திருந்த இடத்தைக் கலை மீட்டெடுத்தது என்பதே அக்கதையின் சாரம். உழைப்பின் இருளிலிருந்து கலையின் ஒளிக்கு என அமையும் இவ்விவரணம், உழைப்பையும் கலையையும் எதிரெதிர்த் துருவங்களாகக் கொள்ளும் ஒரு கருத்துநிலையைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. அவ்வகையில் இது இலக்கிய விமரிசகரின் கவனத்துக்கும் உரிய பொருளாகின்றது.

லண்டன் மாநகரின் வடபகுதியில், சோக் ஃபாம் என்னுமிடத்தில் அமைந்துள்ள ‘றவுண்ட்ஹவுஸ்’ என்னும் வட்டக் கட்டடத்தை நாம் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். 1846–47ஆம் ஆண்டுகளிற் புகையிரத இயந்திரக் கொட்டகையாகக் கட்டப்பட்ட இது, பின்னர் மதுபானப் பண்டகசாலையாகி, 1960களில் தொழிலாளர் கலை நிலையமாக ஆக்கப்பெறும் என்ற எதிர்பார்ப்பைத் தோற்றுவித்து, முடிவில் உலகப் புகழ்பெற்ற றொக் இசையரங்காக உருப்பெற்றது. இத்தகைய கட்டடங்கள் பிறவும் உள. ஆயினும் தொழிற்சங்கத் தீர்மானமொன்றின் பெயரைத் தாங்கிய இயக்கம் ஒரு நாடகாசிரியரின் தலைமையிற் குடிபுக முயன்ற கட்டடம் என்ற சிறப்பு இதற்கு உண்டு. உழைக்கும் மக்களுக்கும் கலைக்குமுள்ள உறவு யாது என்னும் வினா இங்கே செங்கல்லும் இரும்புமாக நம்முன் நிற்கிறது.

இவ்வினா ஈழத்துத் தமிழ் விமரிசனத்துக்குப் புதியதன்று. பேராசிரியர் க. கைலாசபதியும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். கிரேக்க அவலநாடகத்தின் தோற்றத்தைச் சமூக உற்பத்தியோடும் சடங்கோடும் இணைத்து விளக்கியவர் தொம்சன். கலை உழைப்பிலிருந்து பிறந்தது என்ற கருத்து அவர் வழியாகவும் நம்மிடம் வேரூன்றியது. அக்கருத்தை ஏற்றுக்கொண்டோர், உழைப்பு நிகழ்ந்த இடமொன்று கலைக்கு உரியதானபோது உண்மையில் நடந்தது யாது என ஆராய்வது பொருத்தமானதே.

2

முதலிற் கட்டடத்தை நோக்குவோம். 1840களின் நடுப்பகுதி பிரித்தானியாவிற் புகையிரத முதலீட்டு வெறி உச்சம் பெற்ற காலம். லண்டன்–பேர்மிங்ஹாம் பாதைக்குரிய கம்பனி 1846இல் வேறு கம்பனிகளோடு இணைந்து லண்டன் வடமேற்குப் புகையிரதக் கம்பனியாயிற்று. அப்பாதையிற் சரக்கு வண்டிகளை இழுத்த இயந்திரங்களை நிறுத்தவும் திருப்பவும் ஒரு கொட்டகை தேவைப்பட்டது. பொறியியலாளர் றொபேட் டொக்றே அதனை வடிவமைத்தார். ஏறத்தாழ 160 அடி விட்டமுடைய வட்டச் சுவர், கூம்பு வடிவக் கூரையைத் தாங்கும் 24 வார்ப்பிரும்புத் தூண்கள், நடுவே இயந்திரங்களைத் திருப்பும் 36 அடிச் சுழல்மேடை, அதிலிருந்து ஆரைகளாகப் பிரிந்து செல்லும் தண்டவாளங்கள், தளத்தின் கீழே பெரும் பாரத்தைத் தாங்கும் செங்கல் வளைவுகள் என அமைந்தது அக்கட்டடம். அதன் வடிவம் அழகு கருதி வகுக்கப்பட்டதன்று. குறைந்த நிலப்பரப்பிற் கூடிய எண்ணிக்கையான இயந்திரங்களை நிறுத்தி, எந்த ஒன்றையும் பிறவற்றை அசைக்காமல் வெளியே எடுக்கும் தேவையே அவ்வட்டத்தைப் பிறப்பித்தது. இன்று இசை கேட்க வருவோர் வியந்து நோக்கும் அழகு, உழைப்பு நடைமுறையின் வடிவமேயாகும்.

கட்டடம் நிறைவெய்திய மறு ஆண்டில், 1848 பெப்ரவரியில், கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை அதே நகரில் அச்சிடப்பட்டது. ஏப்ரில் 10ஆம் நாள் சாசன இயக்கத்தினர் கெனிங்ரன் வெளியிற் பெருங்கூட்டம் கூடினர். 1856இல் மார்க்ஸ் குடும்பத்தினர் கென்ரிஷ் ரவுணுக்குக் குடிபெயர்ந்தனர். மார்க்ஸ் 1883இல் மறையும்வரை அச்சுற்றாடலிலேயே வாழ்ந்தார். 1870 முதல் எங்கெல்ஸ் புகையிரதப் பாதையின் மறுபுறத்தில், றீஜன்ற்ஸ் பார்க் வீதியிற் குடியிருந்தார். இருவரின் இல்லங்களும் இக்கொட்டகையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலேயே இருந்தன. இதனை வெறுந் தற்செயலென ஒதுக்கினும், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயம் புகையிரதத் தொழிலாளரைப் பேசுவதை மறத்தல் இயலாது. பெருவிபத்தொன்றின் பின்னர் மரண விசாரணை மன்றின் முன் நிறுத்தப்பட்ட காவலர், சாரதி, சமிக்ஞையாளர் ஆகிய மூவரின் நிலையை அங்கு மார்க்ஸ் எடுத்துக்காட்டுகிறார். எட்டு மணித்தியாலமாக இருந்த வேலை 14, 18, 20 மணித்தியாலங்களாக நீட்டப்பட்டமையே அவர்களது வாக்குமூலத்தின் சாரம். வட்டக் கொட்டகையைப் பயன்படுத்திய தொழிலாளர் இவ்வுலகைச் சேர்ந்தவர்களே.

அந்நூல் மற்றொரு வகையிலும் நமக்கு உதவுகின்றது. இயந்திரம் தேய்வதனால் மாத்திரம் பெறுமதி இழப்பதில்லை. அதனிலும் சிறந்த இயந்திரம் தோன்றும்போது, தேயாத நிலையிலேயே அது பெறுமதி இழக்கிறது என மார்க்ஸ் விளக்குவார். வட்டக் கொட்டகைக்கு நேர்ந்ததும் இதுவே. இருபது ஆண்டுகள் செல்வதற்குள் இயந்திரங்கள் நீண்டுவிட்டன. சுழல்மேடை அவற்றுக்குப் போதவில்லை. சுவரில் வெடிப்பில்லை, தூணிற் துருவில்லை. ஆயினும் கட்டடம் பயனற்றதாயிற்று. 1870ஆம் ஆண்டளவில் ‘ஜின்’ வடிப்போரான டபிள்யு. அன்ட் ஏ. கில்பி கம்பனி அதனைக் குத்தகைக்குப் பெற்று மதுபானப் பண்டகசாலையாக்கியது. இயந்திரக் கொட்டகையாக இருந்த காலத்திலும் பன்மடங்கு நீண்ட காலம் அது பண்டகசாலையாகவே இருந்தது. 1954இல் அது பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக நிரற்படுத்தப்பட்டது.

இவ்வுண்மைகள் ஒரு முக்கிய முடிபுக்கு நம்மை இட்டுச் செல்கின்றன. கலை வந்து கைத்தொழிலை வெளியேற்றவில்லை. மூலதனத்தின் சொந்த வேகமே இக்கட்டடத்தை வெறுமையாக்கியது. கலை, மூலதனம் கைவிட்ட இடத்திற் பின்னர் வந்து குடியேறியது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாத விவரணங்கள் யாவும் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி விடுகின்றன.

3

1960இற் பிரித்தானியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தனது வருடாந்த மாநாட்டிற் கலைகள் பற்றிய தீர்மானமொன்றை நிறைவேற்றியது. நிகழ்ச்சி நிரலில் அதன் இலக்கம் 42. சமுதாய வாழ்விற் கலைகள் பெறும் முக்கியத்துவத்தை ஏற்று, தொழிற்சங்க இயக்கம் அத்துறையில் ஆற்றத்தக்க பணியை ஆராயவேண்டும் என அது கோரியது. கூலியையும் வேலைநேரத்தையும் பற்றியே பேசிவந்த பேரவை பண்பாட்டைத் தன் விடயமாக ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்க நிகழ்வாகும். இத்தீர்மானத்திற்குச் செயல்வடிவம் கொடுக்க முனைந்த நாடகாசிரியர் ஆர்னோல்ட் வெஸ்கர், தாம் தொடங்கிய அமைப்புக்குச் ‘சென்ரர் 42’ எனப் பெயரிட்டார்.

வெஸ்கர் (1932–2016) லண்டன் கிழக்குப் பகுதியின் யூதத் தொழிலாளர் குடும்பத்தில் தோன்றியவர். ‘சிக்கன் சூப் வித் பார்லி’ (1958), ‘றூட்ஸ்’ (1959), ‘ஐ’ம் ரோக்கிங் அபவுட் ஜெருசலேம்’ (1960) ஆகிய மூன்று நாடகங்களாற் புகழ்பெற்றவர். இவற்றுள் ‘றூட்ஸ்’ சென்ரர் 42இன் உளப்பாங்கை முன்கூட்டியே உணர்த்துவது. நோஃபோக் பகுதியின் விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணான பீற்றி பிறயன்ற், லண்டனிலிருந்து ஊர் திரும்புகிறாள். தன் காதலனான றொனி கற்பித்தவற்றையெல்லாம் இசை, ஓவியம், அரசியல் எனத் தன் குடும்பத்தாரிடம் ஒப்புவிக்கிறாள். றொனி வரவில்லை, உறவை முறித்துக்கொள்ளும் கடிதமே வருகிறது. அந்த நெருக்கடியிற் பீற்றி முதன்முறையாகத் தன் சொந்தக் குரலிற் பேசத் தொடங்குகிறாள். ஆனால் அவள் பேசும்போது குடும்பத்தார் உணவருந்தத் தொடங்கிவிடுகின்றனர்.

இந்த இறுதிக்காட்சியே வெஸ்கரின் பலமும் பலவீனமுமாகும். ஒடுக்கப்பட்ட பெண்ணொருத்தி பிறர் சொற்களிலிருந்து விடுபட்டுத் தன் சொல்லைக் கண்டடைவது நவீன ஆங்கில நாடகத்தின் உயரிய தருணங்களுள் ஒன்று. எனினும் அக்குரலின் மூலம் எது? அது அவளுடைய வர்க்கத்தின் வாழ்விலிருந்து எழுவதாக நாடகம் காட்டவில்லை. வெளியிலிருந்து வந்த பண்பாடு அவளுள் விதைக்கப்பட்டு முளைத்ததாகவே காட்டுகிறது. அவளைச் சூழ்ந்தோர் செவியற்றோராக விடப்படுகின்றனர். பண்பாடு எங்கோ உளது. தொழிலாளரிடம் அஃது இல்லை. அதனை அவர்களிடம் கொண்டு சேர்த்தல் வேண்டும் என்னும் எடுகோள் இந்நாடகத்தின் அடியிற் கிடக்கிறது.

இதே காலத்தில் வேறொரு நோக்கும் இங்கிலாந்தில் வலுப்பெற்றிருந்தது. புகையிரதச் சமிக்ஞையாளர் ஒருவரின் மகனான றேமன்ட் வில்லியம்ஸ், பண்பாடு என்பது சாதாரண மக்களின் அன்றாட வாழ்வினுள் உறைவது என 1958இல் எழுதினார். தொழிலாளர் வர்க்கம் தோற்றுவித்த தொழிற்சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் தம்மளவிற் பண்பாட்டுச் சாதனைகள் என்பது அவரது வாதம். 1960இல் வெளிவந்த ‘போடர் கன்றி’ என்னும் அவரது நாவல், 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது வேல்ஸ் கிராமப் புகையிரத நிலையமொன்றின் தொழிலாளரிடையே நிலவிய தோழமையை இலக்கியமாக்கியது. அங்கே தொழிலாளி பண்பாட்டைப் பெறுபவனல்லன், அதனை ஆக்குபவன்.

வானொலியிலும் இதற்கு நிகரானதொரு முயற்சி நடைபெற்றது. 1957இல் தடுப்புக் கட்டுப்பாடிழந்து சரிவில் ஓடிய சரக்கு வண்டியை நிறுத்த முயன்று உயிர்துறந்த சாரதி ஜோன் அக்ஸனின் வரலாற்றை, யூவன் மக்கோல், பெகி சீகர், சார்ள்ஸ் பார்க்கர் ஆகியோர் 1958இல் ‘வானொலிக் கதைப்பாடல்’ ஆக ஆக்கினர். புகையிரதத் தொழிலாளரின் பேச்சே அதில் ஒலித்தது. அவர்கள் பேச்சின் ஓசையே பாடலின் சந்தத்துக்கு அடிப்படையாயிற்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் நடிகர்கள் தொழிலாளரைப் போலப் பேசிய காலத்தில் இஃது ஒரு புரட்சியெனலாம்.

இவ்விரு நோக்குகளும் சென்ரர் 42இல் ஒருங்கே இருந்தன என்பதே நாம் அழுத்திக் கூற விரும்புவது. 1961இல் வெலிங்பறோவிலும், 1962இல் நொற்றிங்ஹாம், லெஸ்ரர், பேர்மிங்ஹாம், பிறிஸ்ரல் முதலிய நகரங்களிலும் அது உள்ளூர்த் தொழிற்சங்கக் குழுக்களோடு இணைந்து கலைவிழாக்களை நடத்தியது. நாடகம், ஜாஸ், ஓவியக் காட்சி, கவிதை வாசிப்பு ஆகியவற்றைத் தொழிலாளரிடம் கொண்டு செல்வது ஒருபுறம். மறுபுறம், சார்ள்ஸ் பார்க்கரின் ‘த மேக்கர் அன்ட் த ரூல்’ தொழிலாளரின் பதிவு செய்யப்பட்ட குரல்களையே மூலப்பொருளாகக் கொண்டு அமைந்தது. நாட்டார் பாடகர் பலரும் இவ்விழாக்களிற் பங்குகொண்டனர். முன்னையது பண்பாட்டை வழங்குவது. பின்னையது பண்பாட்டை உற்பத்தி செய்வது. இவற்றுள் எது மேலோங்கும் என்பது 1962இல் தீர்ந்துவிடவில்லை. அதனைத் தீர்த்து வைத்தது ஒரு கட்டடம்.

4

விழாக்கள் கடனையே மிச்சமாக வைத்தன. நிலையான இடமொன்று வேண்டுமென வெஸ்கர் கருதினார். 1964இல் ஆடை உற்பத்தித் தொழிலதிபரான லூயி மின்ற்ஸ் தம்மிடமிருந்த றவுண்ட்ஹவுஸ் குத்தகையைச் சென்ரர் 42இற்கு உதவினார். நன்னோக்குடன் அளிக்கப்பட்ட இக்கொடை இயக்கத்தின் தன்மையையே மாற்றியது. நகரந்தோறும் சென்று உள்ளூர்த் தொழிலாளரோடு சேர்ந்து இயங்கிய அமைப்பு, தலைநகரில் ஒரு கட்டடத்தைத் திருத்தியமைப்பதற்கு நிதி திரட்டும் அமைப்பாயிற்று. திருத்த வேலைக்குப் பல இலட்சம் பவுண்கள் தேவைப்பட்டன. தீர்மானம் நிறைவேற்றிய தொழிற்சங்கங்களிடமிருந்து எதிர்பார்த்த பணம் வரவில்லை. கையுயர்த்தி வாக்களிப்பது எளிது, நிதியொதுக்குவது வேறு. ஆங்கிலத் தொழிற்சங்கத் தலைமையின் பொருளாதாரவாதம் இங்கே தன்னை அப்பட்டமாக வெளிப்படுத்திக் கொண்டது.

இந்நிலைமையை வெஸ்கரே கலையாக்கினார் என்பது விந்தை. 1966இல் றோயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய ‘தெயர் வெரி ஓன் அன்ட் கோல்டன் சிற்றி’ நாடகத்தில், அன்ட்றூ கொப்ஹாம் என்னும் கட்டடக்கலைஞன் மக்களே உடைமையாளராக அமையும் ஆறு நகரங்களைக் கட்டக் கனவு காண்கிறான். தொழிற்சங்கங்களின் ஆதரவைக் கோருகிறான். படிப்படியாகச் சமரசங்கள் செய்து, ஈற்றில் ஒரேயொரு நகரத்தையே கட்டி முடிக்கிறான். அதுவும் பழைய சமுதாயத்தின் மீது ஒட்டப்பட்ட ஒட்டாகவே அமைகிறது. வாழ்வில் வெஸ்கர் ஒப்புக்கொள்ளத் தயங்கிய உண்மையை அவரது நாடகம் ஒப்புக்கொண்டது. படைப்பாளியின் பிரகடனத்தினும் படைப்பு கூடுதலான யதார்த்தத்தை அறிந்திருக்கக்கூடும் என்பதற்குப் பால்சாக்கைப் பற்றி எங்கெல்ஸ் கூறியதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுவோம். வெஸ்கரையும் அவ்வரிசையிற் சேர்க்கலாம்.

கடனை அடைக்கக் கட்டடம் வாடகைக்கு விடப்பட்டது. 1966 ஒக்டோபர் 15ஆம் நாள் இரவு, ‘இன்ரர்நஷனல் ரைம்ஸ்’ என்னும் மாற்றுப் பத்திரிகையின் தொடக்கவிழா அங்கு நடைபெற்றது. பிங்க் ஃபுளொயிட், சொஃப்ற் மெஷின் ஆகிய குழுக்கள் இசைத்தன. திருத்தப்படாத, குளிர்ந்த, கழிப்பிட வசதியும் போதாத அக்கட்டடத்தில் இளைஞர் பெருந்தொகையாகத் திரண்டனர். 1968 செப்ரெம்பரில் த டோர்ஸ், ஜெஃபர்சன் எயர்பிளேன் ஆகிய அமெரிக்கக் குழுக்கள் அங்கு இசைத்தன. தொழிலாளர் கலை நிலையத்துக்கு நிதி தேடும் வழியாகத் தொடங்கிய றொக் இசை கட்டடத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1970இல் ‘ஓ! கல்கத்தா!’ என்னும் நிர்வாணக் கேளிக்கை நாடகம் அங்கு மேடையேறியது. அதே ஆண்டில் வெஸ்கர் விலகிக்கொள்ள, சென்ரர் 42 முடிவுற்றது.

இதனை வணிகக் கலையின் வெற்றி எனவும் தொழிலாளர் கலையின் தோல்வி எனவும் கூறி முடித்துவிடுதல் எளிது. ஆயினும் தோற்றது எது என நுணுகி நோக்குதல் வேண்டும். பண்பாட்டை வழங்கும் நோக்கே தோற்றது. வழங்குவதற்கு மண்டபம் வேண்டும், மண்டபத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்குப் பணமுடையோர் வேண்டும். இச்சங்கிலியில் தொழிலாளிக்கு இருந்த இடம் பார்வையாளனுக்குரியது மட்டுமே. பார்வையாளனாக மட்டும் வேண்டப்படுபவன் எந்த அரங்குக்குச் செல்வது என்பதைத் தன் விருப்பத்துக்கு ஏற்பவே முடிவு செய்வான். உற்பத்தி செய்யும் நோக்கு தோற்கவில்லை. அதற்கு இக்கட்டடத்தில் வாய்ப்பே அளிக்கப்படவில்லை.

5

இங்கு நம்மிடையே சிலரிடம் காணப்படும் கொச்சையான அணுகுமுறையொன்றை மறுத்துரைத்தல் அவசியமாகின்றது. றொக் இசையை ஏகாதிபத்தியச் சீரழிவு என ஒரே சொல்லால் ஒதுக்குவோர் உளர். இசைத்தட்டுக் கம்பனிகளின் இலாபவேட்டை மறுக்கமுடியாதது. எனினும் ஒரு கலைவடிவத்தின் விநியோக முறையைக் கொண்டு அதன் உள்ளடக்கம் முழுவதையும் தீர்மானித்துவிட முடியாது. வியட்நாம் யுத்தத்தின் காலத்தில் இவ்விசை ஒரு தலைமுறையினரின் மறுப்பைத் தாங்கியிருந்தது. 1967 ஜூலையில் இதே கட்டடத்தில் ‘விடுதலையின் இயங்கியல்’ என்னும் மாநாடு இரு வாரங்கள் நடைபெற்றது. ஹேர்பேட் மார்க்கூஸ, ஸ்ரோக்லி கார்மைக்கல், போல் சுவீசி, ஏர்னஸ்ற் மண்டல் முதலியோர் அதில் உரையாற்றினர். இலக்கியச் சமூகவியலாளரான லூசியன் கோல்ட்மன் அங்கு நிகழ்த்திய உரை இலக்கியத்தில் விமரிசனமும் வறட்டுவாதமும் என்னும் பொருள் பற்றியது. றொக் இசை ஒலித்த அதே கட்டடத்தில் வறட்டுவாதத்துக்கு எதிரான குரலும் ஒலித்தமை பொருத்தமானதே.

ஆயினும் அம்மாநாட்டின் எல்லையையும் குறிப்பிடவேண்டும். கறுப்பின மக்களின் போராட்டம் அங்கே கார்மைக்கலின் வாயிலாகப் பேசப்பட்டது. கொட்டகைக்கு அப்பால் அன்றும் வண்டிகளைச் செலுத்திக்கொண்டிருந்த தொழிலாளரின் குரல் அங்கே ஒலிக்கவில்லை. விடுதலையின் இயங்கியல் புகையிரத இயந்திரக் கொட்டகையிற் பேசப்பட்டபோதும், புகையிரதத் தொழிலாளர் அப்பேச்சுக்கு வெளியிலேயே நின்றனர்.

உருவமும் உள்ளடக்கமும் இக்கட்டடத்திற் பொருந்திய நிகழ்வென நாம் கருதுவது 1971இல் நடைபெற்றது. ஆரியான் முனூஷ்கின் நெறிப்படுத்திய ‘தியாத்ர் து சொலெய்’ என்னும் பிரெஞ்சு நாடகக் குழு ‘1789’ என்னும் தன் ஆக்கத்தை அங்கு அளித்தது. சமமான ஊதியம் பெறும் கூட்டுறவு அமைப்பாக இயங்கிய அக்குழு, பாரிஸ் நகரருகே வென்சென் பகுதியிற் கைவிடப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றைத் தன் உறைவிடமாக்கியிருந்தது. நாடகமும் கூட்டு உழைப்பில் உருவானது. பிரெஞ்சுப் புரட்சியைச் சந்தைக் கூத்தாடிகள் சொல்வதாக அமைந்த அந்நாடகத்திற் பல மேடைகள் சுற்றிலும் நிற்க, பார்வையாளர் நடுவே நின்றனர். பஸ்ரில் சிறை வீழ்ந்த கதையைக் கூறும்போது அவர்களே பாரிஸ் மக்களாயினர். நமது கூத்து மரபின் வட்டக்களரியில் ஆடுவோர் நடுவிலும் பார்ப்போர் சுற்றிலும் இருப்பர்; இங்கே அந்நிலை தலைகீழாயிற்று. முன்பு இயந்திரங்கள் திரும்பிய நடுவெளியில் மக்கள் திரள் நின்றது. எல்லாத் திசைகளிலிருந்தும் மையத்தை அணுகத்தக்க உழைப்பு வடிவம், எல்லாத் திசைகளிலிருந்தும் மக்களை அணுகும் நாடக வடிவத்துக்கு இடங்கொடுத்தது.

1976 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்கக் குழுவான ‘றமோன்ஸ்’ அங்கு இசைத்தது. லண்டனில் ‘பங்க்’ இசை வளர்ச்சி பெறுவதற்கு அந்நிகழ்ச்சி உந்துதலாயிற்று. வேலையின்மை பெருகிய காலத்தில், இசைக்கல்வியோ பணமோ இல்லாத இளைஞரும் மூன்று சுரக்கட்டுகளுடன் இசைக்குழு அமைக்கலாம் என்ற துணிவை அது அளித்தது. அரசியற் தெளிவற்ற கோபம் அதிலிருந்தது உண்மையே. எனினும் பார்த்துக் கொண்டிருந்தோர் ஆக்குவோராக மாறினர். வெஸ்கர் விரும்பிய உயர் கலைகள் சாதிக்காத ஒன்றை அவர் விரும்பாத கலை ஓரளவு சாதித்தது.

6

1977 முதல் தெல்மா ஹோல்ற் அம்மையாரின் நிர்வாகத்தில் நாடகங்களுக்கு முதன்மையளிக்கப்பட்டது. மஞ்செஸ்ரரின் பழைய பருத்தி வணிக மண்டபத்தினுள் வட்ட அரங்கமைத்த றோயல் எக்ஸ்சேஞ்ச் குழுவின் ஆக்கங்கள் இங்கு வந்தன. 1983இல் நிதியின்றி அரங்கு மூடப்பட்டது. பெருநகர் லண்டன் மன்றமும் கேம்டன் உள்ளூராட்சிச் சபையும் கட்டடத்தைப் பொறுப்பேற்றுக் கறுப்பினக் கலை நிலையமொன்றை அமைக்க முனைந்தன. குடியேறிய மக்களின் உழைப்பில் இயங்கிய நகரத்தில் அவர்களுக்கென ஓர் அரங்கு என்ற அத்திட்டம், தீர்மானம் 42 எழுப்பிய வினாவைப் புதிய சூழலில் மீட்டும் எழுப்பியது. 1986இல் தட்சர் அரசாங்கம் பெருநகர் மன்றத்தையே கலைத்தது. திட்டம் கைகூடவில்லை. கட்டடம் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தது.

1996இல் விளையாட்டுப்பொருள் உற்பத்தியால் வளம்பெற்ற ரோர்க்கில் நோர்மன் அதனை வாங்கினார். அரச கலைநிதி, லொத்தர் நிதி, தனியார் நன்கொடை ஆகியவற்றைக் கொண்டு திருத்தப்பட்டு 2006 ஜூனில் அது மீளத் திறக்கப்பட்டது. மேற்றளத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நின்றபடி இசை கேட்கும் அரங்கு. அடித்தளத்துச் செங்கல் வளைவுகளின் நடுவே இளைஞர் குறைந்த செலவில் இசையும் ஒலிபரப்பும் படப்பிடிப்பும் பயிலும் கூடங்கள். மேலே ஈட்டும் வருவாய் கீழே நடைபெறும் பயிற்சிக்குத் துணையாகின்றது.

இக்கட்டடத்தின் கைமாற்றங்களை ஒருங்கே நோக்கின் ஒரு தொடர்ச்சி புலனாகின்றது. புகையிரதக் கம்பனி, மதுபானக் கம்பனி, ஆடை உற்பத்தியாளர், விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளர் என ஒவ்வொரு காலத்துக்குமுரிய பண்ட உற்பத்தியின் மிகையே இக்கட்டடத்தின் விதியைத் தீர்மானித்துள்ளது. இடையில் மக்களாற் தெரிவு செய்யப்பட்ட அவையொன்று அதனை ஏற்றபோது அவ்வவை ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் இயக்கம் ஒருமுறை அதன் வாயிலில் நின்றது. உரிமையாளராக ஒருபோதும் உள்ளே புகவில்லை. தனி மனிதரின் தாராள மனப்பான்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கொடையாளர் இல்லாவிடிற் கட்டடம் இடிக்கப்பட்டிருத்தலுங் கூடும். ஆனால் ஒரு சமுதாயத்தின் பண்பாட்டு வாய்ப்பு கொடையாளரின் மனப்பான்மையைச் சார்ந்திருக்கும் நிலையை இயல்பானதெனக் கொள்ள நாம் மறுக்கிறோம்.

அதேவேளை அடித்தளக் கூடங்களின் முக்கியத்துவத்தையும் மறைத்தலாகாது. பார்வையாளரைத் திரட்டுவதோடு நில்லாமல் ஆக்குவோரை உருவாக்கும் பணி அங்கு நடைபெறுகிறது. சார்ள்ஸ் பார்க்கர் 1962இல் ஒலிப்பதிவுக் கருவியுடன் தொடங்கிய பணிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, நோக்கில் உறவுண்டு. தனியாளாக வெற்றிபெறும் கலைஞனை உருவாக்குவதோடு அப்பயிற்சி நின்றுவிடுமா, கூட்டு வாழ்வுக்குக் குரல் கொடுக்கும் கலையை வளர்க்குமா என்பதே இனி எழும் வினா. அதனைக் கட்டடம் தீர்மானிக்காது. அதற்கு வெளியேயுள்ள சமூக இயக்கங்களின் வலிமையே தீர்மானிக்கும்.

7

இதுகாறும் கூறியவற்றிலிருந்து விமரிசன அளவுகோல் ஒன்றைப் பெறலாம். பழைய தொழிற்சாலையொன்று அரங்காக மாறும்போது, அதன் தூண்களும் செங்கற்களும் எவ்வளவு செம்மையாகப் பேணப்பட்டுள்ளன என்று வினாவுதல் தொல்பொருளியலாளருக்குப் போதுமானதாகலாம். யார் அங்கு வந்து கேட்கிறார்கள் என்று வினாவுதல் நிர்வாகிகளுக்குப் போதுமானது. கலையைச் சமூக உற்பத்தியாகக் கொள்வோர் மேலும் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அங்கு கலையை ஆக்குவோர் யாவர்? அவ்விடத்தின் மேல் அதிகாரம் உடையோர் யாவர்? முதல் வினாவுக்கு மட்டும் விடை தேடுவோர் பங்க் இசையின் துணிவை மெச்சி நிற்பர். இரண்டாவதை மட்டும் கேட்போர் எல்லாவற்றையும் வணிகம் எனக் கூறி அமைவர். இரண்டையும் இணைத்துக் கேட்கும்போதுதான் சென்ரர் 42இன் தோல்வி நமக்குப் படிப்பினையாகின்றது.

தொழிலாளருக்குக் கலையைக் கொண்டு செல்லுதல் என்ற சொற்றொடர் நமது முற்போக்கு இயக்க மேடைகளிலும் பல காலம் ஒலித்ததொன்று. கொண்டு செல்பவர் யார், பெறுபவர் யார் என்ற பிரிவினையை அச்சொற்றொடர் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. ஜோன் அக்ஸனின் தோழர்கள் ஒலிவாங்கியின் முன் பேசியபோது அவர்களிடம் எவரும் கலையைக் கொண்டு செல்லவில்லை. அவர்களிடமிருந்தே அது பிறந்தது. வட்டக் கொட்டகையை வடிவமைத்த உழைப்பும், அக்கதைப்பாடலைத் தோற்றுவித்த பேச்சும் ஒரே வர்க்கத்தின் ஆக்கங்கள். முன்னையதன் அழகை இசை கேட்க வருவோர் இன்று விலைகொடுத்து நுகர்கின்றனர். பின்னையது காட்டிய வழி இன்னும் முழுமையாக நடக்கப்படாத வழியாகவே உள்ளது.